பதினொரு மில்லிமீட்டர்

ரின்மீன் மூடி இருவரையும்தான் கிழித்தது.
குப்பைப் பையைத் தூக்கியபோது அவளின் கணுக்காலை,
அதை நான் வாங்கியபோது என் கட்டைவிரலை.
ஐந்தாம் நாள் எனக்குப் பொருக்கு.
ஒன்பதாம் நாள்
வேலைக்குப் போகிற பஸ்ஸில் அதை உரித்து
இருக்கைக்கு அடியில் போட்டேன்.

அவளுக்கு இன்று நாற்பத்தோராம் நாள்.

இந்த ஊருக்கே இரண்டு பெயர், பீல், பியென்.
தாதி மதாம் வுவாரோல்
பிரெஞ்சில் கேட்டு ஜெர்மனில் எழுதுகிறாள்.
காகித அடிமட்டத்தைப் புண்ணருகே வைக்கிறாள்:
பதினொன்று. போன கிழமை பன்னிரண்டு.
நல்லது என்கிறாள், இரண்டு மொழியிலும்.

சிவக்கவில்லை. வீங்கவில்லை. சீழில்லை.
பெரிய நோவும் இல்லையாம்.
கீழ்வீட்டுக்காரருக்குப் பயந்த குடும்பம்போல
சத்தமில்லாமல்
திறந்தே கிடக்கிறது.

சிவத்தலுக்கு எங்களிடம்
கோபம் என்றும் பொருளுண்டு.
அவள் இரத்தத்துக்குக் கோபம் வந்துவிடாதிருக்கத்தான்
காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் போன் அடிக்கிறது.
ஸிரோலிமஸ். மைக்கோஃபினோலேட்.
பாதியாய் உடைத்த பிரெட்னிசோலோன்.
காவலர்கள் கண்ணயர வேண்டும்.
அயர்ந்தால்தான்
அவளின் வலது அடிவயிற்றில் குடியிருக்கும்
என் சிறுநீரகத்தை
ஆர் நீ என்று கேட்கமாட்டார்கள்.

தேத்தண்ணி ஆறும், சோறு ஆறும்,
மனமும் ஆறும், புண்ணும் ஆறும்.
எல்லாவற்றுக்கும் ஒரு சொல்லை வைத்துவிட்டுப் போனவர்கள்
சுடாதது எப்படி ஆறும் என்று
சொல்லாமல் போய்விட்டார்கள்.

புண் மூடும்வரை ஒரு மாத்திரையை மாற்றலாம்
என்கிறார் டொக்டர். மாற்றினால்
கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் பார்க்கவேண்டும்.
காலைக் காப்பாற்றப் போய்
சிறுநீரகம் கோபித்துக்கொள்ளக் கூடாதாம்.

இரவு. குளியல்தொட்டியின் விளிம்பில் அவள்,
என் மடியில் அவள் கால்.
உப்புநீரில் நனைத்து
பழைய கட்டை மெல்ல இழுக்கிறேன்.
ஒட்டிய இடத்தில் நூலளவு புதுத்தோல்,
மீன்செதிள் நிறம்.
அதையும் சேர்த்து உரித்துவிடுவேனோ என்று
விரல் நடுங்குகிறது.

"என்ர சாமானாலதானே உனக்கு இது,"
பஞ்சைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

"ஏன், திருப்பிக் கேக்கிறியளோ?
தரமாட்டன்.
நேற்றும் ரெண்டு லீற்றர் போனது."

சிரித்ததில் கால் ஆடி
புதுக்கட்டு கோணிப்போயிற்று.
அவிழ்த்து, திரும்ப முதலிலிருந்து.

அவள் தூங்கியபின்
சமையலறை வெளிச்சத்தில்
கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.
எந்த இடத்தில் கிழித்ததென்று
தெரியவில்லை.