வாய்தா

பத்து ஐம்பதுக்குக் கூப்பிட்டார்கள்.
பதினொன்றுக்குள் முடிந்துவிட்டது.
என் வக்கீலுக்குக் காய்ச்சலாம்.
அவர் வக்கீலுக்கு ஏதோ நகல் வந்து சேரவில்லையாம்.
ஆறு வாரம் தள்ளி வைத்தார்கள்
மூன்றே கால் சென்ட் இடத்தை,
அதில் நிற்கும் வேம்போடு சேர்த்து.

ஒத்தக்கடை நிறுத்தத்தில்
யானைமலை படுத்துக் கிடந்தது.
எத்தனை கேஸ் பார்த்த யானை, காதை அசைக்கவில்லை.
ஒரே நிழற்குடை, ஒரே பெஞ்சு.
இந்தக் கோடியில் மேல்முறையீட்டாளராகிய நான்.
அந்தக் கோடியில் எதிர்மனுதாரர்,
என் அண்ணன் தவசிமுத்து.

கோவில்பட்டிக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ்.
ஏறியிருக்கலாம்.
"எட்டு வருசமா வர்றோம்,
மதுரையில என்னத்தப் பாத்திருக்க?" என்றார் எதிர்மனுதாரர்,
மலையைப் பார்த்து.
"கேன்டீன் தயிர்சாதம்" என்றேன்,
நானும் மலையைப் பார்த்து.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை.
அவர் மட்டும் சீட்டு வாங்கினார்.
சட்டம் ஓர் இடத்திலாவது என் பக்கம்.

மகால் வாசலில் தனித்தனியாக டிக்கெட் எடுத்தோம்.
தூணைக் கட்டிப் பார்த்தார். பாதிகூட எட்டவில்லை.
மூணு பேர் வேணும் சார் என்றார் காவலாளி.
சிவகாசியிலிருந்து சுற்றுலா வந்த ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன்
தானாக வந்து நடுவில் ஒட்டிக்கொண்டான்.
"ஃபேமிலியா?"
"எதிர்க்கட்சி" என்றார் அண்ணன், தூணுக்கு அந்தப் பக்கமிருந்து.
என் விரல் நுனியில் ஏதோ குளிர்ந்தது.
அப்பாவின் கைக்கடிகாரம்.
சொத்துப் பட்டியலில் அது இல்லை.
சேர்க்கச் சொல்ல வேண்டும் என்று
எட்டு வருடமாக மறந்துகொண்டிருக்கிறேன்.

மத்தியானம் அயிரைமீன் குழம்பு.
முள்ளோடு மெல்ல வேண்டிய மீன்,
பேச்சுக்கு இடம் தராது; நல்லதாயிற்று.
ஒரு பிளேட் சுக்காவை இரண்டு இலைக்குப் பிரித்தார்.
எண்ணினேன். ஏழு துண்டு. எனக்கு மூன்று.
"ஆட்சேபணை" என்றேன்.
பரிமாறுகிறவர் பயந்துபோய்
கொஞ்சம் குழம்பு ஊற்றிவிட்டுப் போனார்.
பெரிய துண்டு என் இலையில்தான் இருந்தது என்பதை
இங்கே பதிவு செய்கிறேன்.

நாலு மணிக்கு நடை திறந்ததும் செல்போனைக் கொடுத்து டோக்கன் வாங்கி,
சுற்றிவிட்டு வந்து
பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்தோம்.
கால் சுட்டது.
"அப்பன் ராஜ்யத்தை முழுசா
பொம்பளப் பிள்ளைக்குக் கொடுத்த ஊரு இது" என்றேன்.
"ஒத்தைப் பிள்ளை, கொடுத்தாரு."
"ஏன், அண்ணன் இல்லையா? அழகர்மலையில?
பங்கு கேட்டாரா?"
வெகு நேரம் குளத்தைப் பார்த்தார்.
"லேட்டா வந்தாலும் சீர் கொண்டுவர்ற அண்ணன்" என்றார்.
எனக்கு வந்த சீர், ஒரு பித்தளை அண்டா,
இன்னும் ஒழுகாமல் இருக்கிறது.
அதைச் சொல்லவில்லை.

எழுகடல் தெருவில் ராயகோபுரம்,
கட்ட ஆரம்பித்து அடித்தளத்தோடு நின்றுபோனது.
உள்ளே கடைகள், கயிறு, குடம், வெயில்.
"முந்நூறு வருசத்துக்கு மேல வாய்தா" என்றார்.
சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா.
கடல்பாசி தொண்டையில் வழுக்கி இறங்கும்போது
யார் காசு கொடுப்பது என்று
கடைக்காரர் முன்னால் சண்டை போட்டோம்.
உரக்கத்தான்.
இருவர் நோட்டையும் வாங்கிக்கொண்டு
இருவருக்கும் சில்லறை தந்தார்.
அந்த மனிதரை நீதிபதியாகப் போடலாம்.

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி
முன்னும் பின்னுமாக ஜன்னலோரம் உட்கார்ந்தோம்.
கப்பலூர் தாண்டுமுன் அவர் தலை கண்ணாடியில் இடிக்க ஆரம்பித்தது.

வேம்பு என் பங்கு. அதில் மாற்றமில்லை.
ஆனால் கறிதோசை பாக்கி இருக்கிறது,
தெப்பக்குளமும் பார்க்கவில்லை.
வக்கீலுக்குக் காய்ச்சல் எப்படி என்று விசாரிக்க வேண்டும்.
அப்படியொன்றும் அவசரமில்லை.