முக்கால்

சனிக்கிழமை சம்பளம்.
காங்கயம் ரோட்டுக் கம்பெனியில்
ஓவர்லாக் மிஷினை நிறுத்திய கையோடு
துளசிமணி என் மேசைக்கு வந்தாள்.
"தொள்ளாயிரத்து அறுவது பீஸுங்க.
பீஸுக்கு மூணே முக்கால்.
மூவாயிரத்து அறநூறு வரோணும்.
ரெண்டாயிரத்து எண்ணூத்தி எம்பதுங்குது சீட்டு.
மூணு வாரமாக் கேக்கறேன்,
கம்ப்யூட்டர் தப்புப் போடாதுங்கறாரு சூப்பர்வைசர்.
அந்த முக்காலை எங்கீங்க வெச்சீங்க?"

எங்கேயும் வைக்கவில்லை.
ரேட்டை முழு எண்ணாக மாற்று என்று
போன மாதம் ஒரு வரி எழுதினேன்.
கம்பைலர் மஞ்சளில் சொல்லத்தான் செய்தது:
துல்லியம் போகலாம்.
தொணதொணக்கிறதென்று
அதன் வாயை நான்தான் அடைத்தேன்.

ரவுண்டு பண்ணியிருந்தால்கூட நாலாகியிருக்கும்.
அது ரவுண்டு பண்ணாது.
புள்ளிக்குப் பின்னால் இருப்பதைப்
பிசிறு நூல் மாதிரி
நறுக்கிவிடும்.

அவள் பார்த்திருக்கவே
திரும்பத் தசமமாக மாற்றினேன்.
மூன்று புள்ளி சுழியம் சுழியம்
என்று வந்து நின்றது,
ஒன்றுமே நடக்காத முகத்தோடு.

"இனிமேல் பைசாவில் வைக்கிறேன்.
முந்நூற்று எழுபத்தைந்து.
புள்ளியே இருக்காது, வெட்டவும் இருக்காது."

"அது இனிமேலுக்குங்க."

மணிபர்ஸைத் திறந்து
காலண்டர் தாள்களை எடுத்தாள்.
ஒவ்வொரு நாளின் பின்பக்கமும்
ஸ்டைல் நம்பர், பீஸ், ரேட்.
மூணுக்குப் பக்கத்தில் எல்லாம்
பென்சிலில் சின்னதாய் முக்கால்.
ஒன்றில் ரெண்டே கால்,
அதை நான் ரெண்டாக்கியிருந்தேன்.

பார்த்துப் பார்த்துத் தட்டினேன்.

அந்த லைனில் இன்னும் நாற்பத்தோரு பேர்.
யார் யார் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று
நான் இன்னும் கேட்கவில்லை.