காற்புள்ளி

முதல் வருடம் விளக்கு வாங்கினேன்,
முகத்தின் களைப்பை அழித்துவிடும் வட்ட விளக்கு.
சட்டையில் மாட்டும் ஒலிவாங்கி.
முதுகுக்குப் பின்னால், இல்லாத ஒரு புத்தக அலமாரி.
நூக் துறைமுகத்தைப் பார்த்த ஜன்னலுக்குத் திரை போட்டேன்:
இறால் படகுகள் பாடத்துக்குள் வந்துவிடக் கூடாது.

மருந்தளவுக் கணக்கு. எண்பத்து நான்கு பக்கங்கள்.
ஒன்றில் துளி சொட்டும், ஒன்றில் குப்பி சுழலும்,
சரியான விடை பச்சையாய்ப் பூக்கும்.
கேட்பவர்கள் பன்னிரண்டு பேர்,
டாக்டர் இல்லாத கரையோர ஊர்களின்
சுகாதார உதவியாளர்கள்.
பன்னிரண்டு கறுப்புக் கட்டங்கள்,
கட்டத்துக்கு ஒரு பெயர்.

"புரிகிறதா?" என்பேன்.
மூன்று எண்ணுவேன், மனதுக்குள், வேகமாக.
ஒரு கட்டைவிரல் எழும். அர்னங்குவாக்கின் கட்டைவிரல்.
அதைப் பன்னிரண்டால் பெருக்கிக்கொண்டு
அடுத்த பக்கத்துக்குப் போவேன்.

ஏழாம் கேள்விக்குக் கில்லாக் எழுதியது
இருபத்தைந்து மில்லிலிட்டர்.
இரண்டு வயதுக் குழந்தைக்கு, இருபத்தைந்து.
சிவப்பில் எழுதினேன்: கவனக்குறைவு.
இன்னும் கொஞ்சம் சிவப்பு மிச்சமிருந்ததால்
அதற்குக் கீழே:
இது ஓர் உயிர் என்பது நினைவிருக்கட்டும்.

அதன்பின் அவன் கட்டம் வரவில்லை.
மற்ற பதினொன்றும் நெருங்கி உட்கார்ந்து
இடைவெளியை மூடிக்கொண்டன.
திரையின் நாகரிகம் அது,
காலி நாற்காலியைக் காட்டவே காட்டாது.

மூன்றாம் வாரம் தொலைபேசியில் அழைத்தேன்.
குல்லோர்சுவாக்கில் மைனஸ் இருபத்தாறு என்றான்,
நான் கேட்காமலே.
குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் சுலபம்.
"பார்த்துத்தான் எழுதினேன்" என்றான்.
"அதிகமாகத்தான் பட்டது.
கேட்க வாயெடுப்பதற்குள்
நீங்கள் அடுத்த பக்கம் போய்விட்டீர்கள்."

ஒரு படம் அனுப்பினான். வந்து சேர ஆறு நிமிடம்.
அவன் கைபேசியில் என் அட்டவணை:
துளி பாதியில் உறைந்து நிற்கிறது,
குப்பி வெறும் சாம்பல் சதுரங்கள்,
நடுவில், சுற்றும் சக்கரத்தின் அடியில்,
25.

நாங்கள் தசமத்தைக் காற்புள்ளியால் எழுதுகிறவர்கள்.
நான் எழுதியிருந்தது 2,5.
இத்தனை கடலையும் பனியையும் தாண்டி
என் விளக்கு போய்ச் சேர்ந்திருக்கிறது,
புன்னகை போய்ச் சேர்ந்திருக்கிறது,
கடுகளவு மை மட்டும்
வழியில் விழுந்துவிட்டது.

அன்றிரவு பக்கத்து வீட்டில் ஒரு பழைய கைபேசி கேட்டு வாங்கினேன்.
எங்கள் வீட்டில் இணையம் தள்ளாடும் ஒரே இடம் குளியலறை.
அங்கே தொட்டி விளிம்பில் உட்கார்ந்து
என் வகுப்பை நானே பார்த்தேன், நாற்பது நிமிடம்.
பளிச்சென்று ஒரு பெண் வாயசைத்துக்கொண்டிருந்தாள்.
அவள் என்ன சொல்ல வருகிறாள் என்று
கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

விளக்கை விற்றுவிட்டேன்.
பக்கங்கள் இப்போது ஒன்பது. எதுவும் அசையாது.
எண்ணின் பக்கத்தில் எழுத்தாலும் எழுதுகிறேன்: இரண்டரை.
முந்தின இரவே அனுப்பிவிடுகிறேன்,
ஊர் உறங்கும் நேரத்தில்
மெல்ல மெல்ல இறங்கட்டும் என்று.
கேமராவைப் போடச் சொல்லி யாரையும் கேட்பதில்லை.
கேள்வி கேட்டால் இருபது வரை எண்ணுகிறேன்.
இருபது எவ்வளவு நீளம்!
அதற்குள் எங்கோ நாய் குரைக்கும்,
யாரோ தொண்டையைச் செருமுவார்,
பதினேழில் ஒரு குரல்,
"இன்னொரு தடவை."

கில்லாக் திரும்பி வந்தான், அதே கறுப்புக் கட்டமாய்.
பழைய சிவப்பை அழிக்க மென்பொருள் விடவில்லை.
கவனக்குறைவு என்பதன் கீழே
ஒரு சொல் சேர்த்தேன்: என்னுடையது.

நேற்று நிறுவனத்திலிருந்து படிவம் வந்தது.
வரும் ஆண்டு உங்கள் முதல் முன்னுரிமை எது?
கட்டத்தில் ஒரு காற்புள்ளி வைத்தேன்.
ஏற்கவில்லை.
குறைந்தது இருபது எழுத்துகள் தேவையாம்.
சரி என்று
இருபது காற்புள்ளிகள் வைத்தேன்.