சிரித்த படத்துக்கு மட்டும்

கம்பம்மெட்டு ஏற்றத்தில் ஜீப் உருண்ட காலையில்
ஏலக்காய் எடுக்கப் போன பதினாலு பேரில்
நான் வெளியே விழுந்து பிழைத்தவள்.
முக்கம்மா பிழைக்கவில்லை.
அவள் தலையை மடியில் வைத்து
வாயைத் திறந்தேன் பாருங்கள்,
அந்த நொடியில்
வளைவில் காரை நிறுத்தியவன் எவனோ
எடுத்துவிட்டான்.
மாராப்பு எங்கே கிடந்தது என்று
எனக்கு இன்னும் தெரியாது.
படம் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் பேப்பரில் வந்தது.
அப்புறம் எங்கே ஜீப் கவிழ்ந்தாலும்
என் வாய்தான்.
போன மாசம் கோட்டயத்தில்
சுவர் உயரத்துக்குக் கண்ணாடி போட்டு
மாட்டியிருந்தார்களாம்.
பார்த்துவிட்டு வந்த நெடுங்கண்டத்து மேஸ்திரி
"சேச்சி வலிய ஆளாயல்லோ" என்றான்.

காய் உருவி உருவி ரேகை தேய்ந்து
ரேஷன் கடை மிஷின்
நான் நானில்லை என்கிறது.
அந்தப் படத்தைக் காட்டினால்
குமுளி வரைக்கும் நான்தான் என்கிறார்கள்.

உத்தமபாளையம் வக்கீல் நைனார் முகமது
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"ரோடு பொது இடம், ஒச்சம்மா.
நடந்தது செய்தி.
படம் எடுத்தவனுக்குச் சொந்தம்."
முகம் என்னுதாச்சே என்றேன்.
"முகம் உன்னுது. படம் அவனுது."
தோட்டத்திலும் அப்படித்தான்.
கை என்னுது, காய் அவங்களுது.

முக்கம்மா முகம்?
பேனாவை மூடினார்.
செத்தவங்களுக்கு அது இன்னும் கஷ்டம் என்றார்.

எழுந்தபோதுதான்
மஞ்சப்பையிலிருந்து பாக்கெட் விழுந்தது.
ஐம்பது கிராம், குமுளிக் கடைகளில் தொங்குவது.
மேலே நான். கூடையோடு, பல் தெரிய.
கங்காணி வழுக்கிச் சகதியில் உட்கார்ந்த நாள் அது,
எல்லோரும்தான் சிரித்தோம்,
என்னை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.
"இதைச் சொல்ல வேண்டாமா முதலில்!
கேட்காமல் உன் முகத்தை வைத்து வியாபாரம்.
நோட்டீஸ் விட்டால் ஓடி வருவான்.
பாக்கெட்டையே நிறுத்திடலாம்."

இந்தப் படம் எனக்குப் பிடிக்கும், சார்.
நான் சிரிக்கிற படம் வேறே கிடையாது.
ஒன்றைக் கத்தரித்து
முருகன் காலண்டர் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

அவர் எழுதத் தொடங்கியிருந்தார்.

மனுவோடு வைக்க
பாஸ்போர்ட் போட்டோ ரெண்டு வேணுமாம்.
பஸ் ஸ்டாண்டு எதிரே ஸ்டூடியோப் பையன்
விளக்கைத் திருப்பிவிட்டு
"சிரிக்காதீங்கக்கா" என்றான்.
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
"அழவும் கூடாதுக்கா."

எட்டுக் காப்பி தந்தான்.
எட்டிலும் யாரோ ஒருத்தி.
எட்டிலும் மாராப்பு சரியாக இருந்தது.
அதை மட்டும்
ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டேன்.