ஒரு பிளாஸ்க், இரண்டு குடுவை

உடல் இரண்டு, உயிர் ஒன்று என்று
பைசாந்து தேவாலயத்தில் வாழ்த்தினார்கள்.
நாக்கும் இரண்டு என்பதை
யாரும் சொல்லவில்லை.

கல்யாணப் பரிசாக வந்தது
வெள்ளி விளிம்பு கட்டிய ஒரே சுரைக்குடுவை,
ஒரே உறிஞ்சுகுழல்.
எங்கள் ஊரில் மாத்தே அப்படித்தான்,
ஒரு குடுவை எல்லார் கைக்கும் சுற்றும்.
வேண்டாம் என்றால்
கோபமாக இருக்கிறாய் என்று அர்த்தம்.

வால்டெமாருக்குச் சர்க்கரை வேண்டும்,
ஆரஞ்சுத் தோல் ஒரு துண்டு வேண்டும்.
எனக்குக் கசக்க வேண்டும்,
கண் திறக்கிற அளவுக்கு.

ஒன்பது வருடம் ஒன்றிலேயே குடித்தோம்.
ஒருநாள் அவன் விட்டுக்கொடுத்தான்,
மறுநாள் நான்.
யார் அதிகம் விட்டுக்கொடுத்தது என்று
இருவரிடமும் கணக்கு இருந்தது.
இரண்டும் ஒத்துப்போகவில்லை.

ஒரு மார்ச் மாத விடியலில்
படகுத்துறைக்குப் பின்னால்
சர்க்கரை டப்பாவோடு அவனைப் பிடித்தேன்.
கள்ளக்காதலியோடு அகப்பட்டவன் போல
முகம் சிவந்தான்.
எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.
மருந்துக்கடை ஒடிலியாவோடு
மூன்று வருடமாக
நான் கசப்பு குடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலையே இன்னொரு குடுவை வாங்கினோம்.
வக்கீல் பார்த்தாயிற்றா என்று கேட்டாள்
அவனுடைய அக்கா.

பிளாஸ்க் மட்டும் ஒன்றுதான்.
செவ்வாய்க்கிழமை அவன் தூண்டிலோடு கிளம்பினால்
அவன் அக்குளில்.
ஞாயிறு நான் ஆற்றில் நீந்தப் போனால்
கரையில் என் துணிகளுக்குக் காவலாக.
என்ன யோசித்துக்கொண்டு நீந்துகிறாய் என்று
ஒருமுறை கேட்டான்.
உன்னை இல்லை என்றேன்.
நல்லது என்றான்,
கொஞ்சம் தாமதித்து.

மற்ற நாட்களில் பெஞ்சில்
எங்களுக்கு நடுவே நிற்கும்.
பேசாமலே ஒரு லிட்டர் தீரும்.

முப்பத்தோராம் வருடம்
மொந்தெவிதேயோவில்
அவன் நெஞ்சைத் திறந்தார்கள்.
ஆறு மணி நேரம்.
கிளம்பிய அவசரத்தில்
பைக்குள் நான் போட்டிருந்தது
அவன் குடுவையை, அவன் டப்பாவை.

தாழ்வாரத்தில் உட்கார்ந்து
அவன் கலக்குவது போலவே கலக்கினேன்.
மூன்று ஸ்பூன் சர்க்கரை.
கேண்டீனில் கேட்டு வாங்கிய
ஆரஞ்சுத் தோல்.
குழலின் அடியில்
கர்ர் என்று காலிச் சத்தம் வரும்வரை
குடித்தேன்.

இப்போதும் பிடிக்கவில்லை.

மூடியைத் திருகி
இன்னொன்று ஊற்றினேன்.