வேன் கதவு

ஆறே காலுக்கு நரியம்பட்டு கூட்ரோட்டில்
வேன் கதவை இழுத்துச் சாத்தும்வரைக்கும்தான்
நாங்கள் மெதுவாகப் பேசுகிறவர்கள்.

அப்புறம் ஜீவரத்தினம் ஆரம்பிப்பாள்.
"இன்னாடி, ராத்திரி தூங்க உட்டானா இல்லியா?"
புதுசாய்க் கல்யாணமான ரஜியா
துப்பட்டாவுக்குள் சிரிப்பாள்.
டிரைவர் பாட்டுச் சத்தத்தைக் குறைப்பான்.
"நீ ரோட்டப் பாருடா" என்று யாராவது கத்த
மறுபடி கூட்டுவான்.

சீட்டு, தள்ளிப்போன நாள், பிரசர் மாத்திரை,
பாலாற்றில் தண்ணி வந்த அன்றைக்கு
யார் யார் வேலைக்கு மட்டம் போட்டது.
ஒருத்தி தொடங்கியதை இன்னொருத்தி முடிப்பாள்.
குறுக்கே பேசுவதில்லை அது,
புடவை மடிக்கும்போது
மறுமுனையைப் பிடித்துக்கொள்வது.

ஆம்பூர் கம்பெனி கேட்டில் இறங்கினால்
எனக்கு இரண்டே பேச்சு.
"சரி சார்." "இல்ல சார்."
சாருக்கு என் பெரியவன் வயசு.
மேல்தோலில் தையல் ஒரு நூல் விலகினால்
"ஏம்மா, கண்ணு இன்னா பொடனிலயா கீது?"
"இல்ல சார்."
கட்டிங் பக்கம் ஆம்பளைகள் டீயோடு நின்று
எந்தக் கட்சி எத்தனை சீட் என்று கணக்குப் போடுவார்கள்.
'பேசாதீர்' போர்டு
தையல் லைனுக்கு மேலே மட்டும் தொங்குகிறது.

போன புதன்கிழமை எப்சிபா ஊசியை உடைத்துவிட்டாள்.
பத்தொன்பது வயசு. வேலைக்கு வந்து ஒன்பது நாள்.
"அறிவு இருக்காடி?" என்றார்.

டி.
காலையில் வேனில் முப்பது தடவை கேட்ட எழுத்து.
அங்கே அது தோளில் விழுகிற கை.
இங்கே ஓங்கின கை.

நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை.
ஒவ்வொன்றாய் மிஷின்கள் நின்றன.
ஜீவரத்தினம் எழுந்திரிக்கக்கூட இல்லை.
கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு
"தம்பி" என்றாள்.

அவ்வளவுதான்.
சார் கொஞ்ச நேரம் தம்பியாக நின்றார், காதெல்லாம் சிவந்து.
பிறகு "ஸ்டோர்ல வேற ஊசி வாங்கிக்கோம்மா"
என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பும்போது அதை ஏழு விதமாய் நடித்துக் காட்டினோம்.
ரஜியா சார் மாதிரி நடந்தாள், ஓடுகிற வேனில்.
எப்சிபா சிரிக்கவில்லை.
"சம்பளத்துல புடிப்பாங்களாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

வீட்டில் நான் இதைச் சொல்லவில்லை.
"இன்னாடி லேட்டு?"
"வேன் லேட்டுங்க."
தட்டு வைத்தேன், குழம்பு ஊற்றினேன்.
தம்பி என்ற சொல் வாயில் கொட்டைப்பாக்காய்க் கிடந்தது.
அவருக்கு அது பொருந்தாது.
எது பொருந்தும் என்று
பதினேழு வருஷமாய்த் தெரியவில்லை.

ஒன்பதரைக்கு போன்.
"பக்கத்துல கீறாரா?"
"ம்."
"எப்சிபா அழுதுகினே கீறாளாம். நாளைக்கு வரமாட்டாளாம்."
"ம்ம்."
"காலைல வேன அவ வூட்டாண்ட உடச் சொல்றேன்.
எல்லாரும் எறங்கிப் போலாமா?"
"ம்."

"யாருடி?" டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.
"சீட்டு விஷயம்ங்க."

அலாரத்தைப்
பத்து நிமிஷம் முன்னால் வைத்தேன்.