தார்ப்பாய்

இரத்தத்தில் புளிப்பு ஏறிவிட்டதாம்.
பதினேழு என்று அச்சடித்த காகிதத்தை
டாக்டர் என் பக்கம் திருப்பி வைத்தார்.
இருபத்திரண்டாவது இருக்கணும் என்றார்.
சிறுநீரகம் வெளியே தள்ளாத அமிலம்
உள்ளேயே தேங்கி
எலும்பைச் சுரண்டுகிறதாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
இருபத்தோரு வருஷம்
மாமாங்கத்து வெள்ளைக்கல்லைச் சுட்டதும் சுடாததுமாய்
பத்ராவதி உலைக்கு ஏற்றிப் போனவன்.
புருவம், பீடிக்கட்டு, டிபன்பாக்ஸ் மூடி
எல்லாமே வெளுத்துக் கிடந்தபோது
இரத்தம் மட்டும் எப்படிப் புளித்தது?

மாத்திரையும் வெள்ளைதான்.
சமையல் சோடாதாண்ணே, என்றாள்
மருந்துக்கடை நூருன்னிசா.
போண்டா மாவில் போடுவதற்கு
மேலே ஒரு வழவழப்புப் பூச்சு,
அதற்கொரு விலை.

முதல் வாரம் பாதியாக உடைத்து விழுங்கினேன்,
ஓர் அட்டை இரண்டு அட்டையாகட்டுமே என்று.
இரவெல்லாம் ஏப்பம்.
பழைய லேலண்டின் ஏர்பிரேக் மாதிரி
வயிறு உஸ்ஸென்றது, மறுபடி உஸ்ஸென்றது.
பக்கத்தில் படுத்தவள் தலையணையோடு எழுந்து போனாள்.

நூருன்னிசாவுக்குக் கோபம்.
இது வயித்துல இறங்குற சரக்கில்லை, குடல்ல இறங்கணும்.
உடைக்காதீங்க, மெல்லாதீங்க, பொடிக்காதீங்க.

அதற்குமேல் எனக்கு விளக்க வேண்டியதில்லை.
சுட்ட கல் ஏற்றி
தொப்பூர்க் கணவாயில் மழை பிடித்துக்கொண்டால்
எவனாவது தார்ப்பாயை அவிழ்ப்பானா?

ஒரு கணக்குத்தான் இடித்தது.
உப்பைக் குறை என்றவரே
உப்பை எழுதித் தந்திருக்கிறார்.
சோடாவிலும் இருப்பது சோடியம்தானாம்.
ஆக, தட்டுவடை செட் போச்சு.
ஊறுகாயும் போச்சு.
காலையில் டயரைத் தட்டிப் பார்த்த கை
இப்போது கணுக்காலை அழுத்திப் பார்க்கிறது.
குழி விழுந்து நின்றாலோ
படியேறும்போது மூச்சு வாங்கினாலோ
அடுத்த தேதிவரை காத்திருக்கக் கூடாது.
மற்ற மாத்திரைகளோடு இதைச் சேர்த்துப் போடவும் கூடாது,
நடுவில் இரண்டு மணி நேரமாவது விடணும்.

ஞாயிற்றுக்கிழமை மாதேசன் வந்தான்,
என் வண்டியில் கிளீனராய் இருந்தவன்.
அவனுக்கு பிரஷர். போதாததற்கு நெஞ்செரிச்சல்.
அட்டையைப் பார்த்ததும் கையை நீட்டினான்:
ஒண்ணு குடுங்க, சோடாதானே?

இல்லடா.
எரியிறது உன் வயிறு.
இது அங்கே நிற்காமலே போற வண்டி.
ஏறினாலும் உன் பிரஷருக்குத்தான் பாரம்.

முறைத்துக்கொண்டே எழுந்தான்.
ஒரு மாத்திரைக்குக் கணக்குப் பார்க்கிறவன்
என்று என்னைப் பற்றி இந்நேரம்
ஐந்து ரோடு வரைக்கும் சொல்லியிருப்பான்.

போகிற போக்கில் அவன் வைத்துவிட்டுப்போன
செவ்வாய்ப்பேட்டைத் தட்டுவடைப் பொட்டலம்
டிவி மேல் இருக்கிறது.
எண்ணெய் காகிதத்தில் ஊறி
மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டே.